பெரியம்மாவுக்கு வைத்த நண்டு

எங்கள் வீட்டில் கோழிக்கும் மீனுக்கும் மனிதர்களைவிட விடுமுறை நாட்கள் அதிகம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, சஷ்டி என்று வாரத்தில் பாதி நாள் அவை நிம்மதியாக இருந்தன. நான் தமிழை ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டதே பள்ளிக்கூடத்தில் அல்ல, சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கிய நாள் கிழிக்கும் காலண்டரில்தான். இன்றைக்கு என்ன திதி என்று தெரிந்தால் இன்றைக்குத் தட்டில் என்ன விழும் என்பது தெரிந்துவிடும். வகுப்பில் வாத்தியார் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் தெரியாத நான், அடுத்த கார்த்திகை எப்போது என்று யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலண்டர், சுங்கைப் பட்டாணி டவுனில் அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர் வருடத்துக்கு ஒன்று கொடுப்பது. அம்மா காலையில் எழுந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பார், புதுத் தாளை ஒரு தடவை வாய்க்குள் படிப்பார், அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பார். சஷ்டி என்றால் பருப்பு. அமாவாசை என்றால் வாழைக்காய், வடை, காக்காவுக்கு முதல் பிடி. இப்படியே சமாளித்துக்கொண்டு போனால் ஆவணி முடிந்ததும் புரட்டாசி வந்து நிற்கும். அந்த மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூட உடையாது. ஆகவே ஆவணி மாதத்தின் கடைசி நாள்தான் எனக்கு வருடத்திலேயே முக்கியமான பண்டிகை. தீபாவளியெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அந்த நாளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அது பெரியம்மாவின் நாள்.

பெரியம்மாவை எனக்குக் கூடத்து மேசைமேல் இருந்த படமாக மட்டுமே தெரியும். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அப்பாவின் முதல் மனைவி. கல்யாணமான மூன்றாம் வருடம் ஏதோ காய்ச்சலில் போய்விட்டார், ஆவணி கடைசி நாளில். அடுத்த வருடம் அப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டார். இந்த ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் யாரும் கலந்து பேசவில்லை என்றாலும் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

குறை இருந்தது அத்தைக்கு. அப்பாவின் அக்கா. பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். பெரியம்மாவைப் பெண் பார்த்து, பேசி முடித்து, கையைப் பிடித்து இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அம்மாவை அவர் கூட்டிக்கொண்டு வரவில்லை. அம்மா தானாக வந்துவிட்ட மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

வருடா வருடம் அந்த நாளில் அத்தை பஸ் ஏறி வந்துவிடுவார். அம்மா பெரியம்மாவுக்குப் பிடித்த நண்டைச் சமைப்பார். படைக்கிற சாப்பாட்டை முன்னாலேயே நாக்கில் வைக்கக் கூடாது என்பதால் உப்பு, காரம் எல்லாம் கண்ணாலேயே பார்த்துப் போடுவார். படத்துக்கு முன்னால் தரையில் வாழை இலை விரித்து, எல்லாவற்றையும் பரிமாறி, தண்ணீர் வைத்து, சூடம் காட்டுவார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவோம். ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம் பெரியம்மாவுக்கு. அதன் பிறகு அப்பா கதவை மூன்று தடவை தட்டிவிட்டுத் திறப்பார். முதலில் உள்ளே போவது அத்தை. குனிந்து, இலையை ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து ஒரே வார்த்தை சொல்வார்.

"தொடல."

அவ்வளவுதான். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா எதையும் தொட்டதில்லை. தங்கச்சி கையால் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை என்பது அத்தையின் முடிவு. அதை அவர் அம்மாவிடம் நேராகச் சொன்னதில்லை. அம்மாவின் காதில் விழுகிற தூரத்தில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார்.

ஒரு தடவை அம்மா படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு வாய்தானக்கா. ஒரு வாய் சாப்ட்டா என்ன?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. என் தங்கச்சிக்குச் சோறு ஊட்டும்போது கெஞ்சுகிற அதே குரல். பெரியம்மாவும் தங்கச்சியைப் போலச் சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மனிதர்களைப் புரிந்துகொள்வது எனக்குச் சிரமம்.

நான் சொல்ல வந்த வருடத்தில் எனக்கு ஒன்பது வயது. ஆவணி கடைசி நாள் சனிக்கிழமையில் வந்தது. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் முழு நாளும் நண்டுக்கு ஒதுக்கியிருந்தேன். அப்பா விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குப் போய், ராகு காலம் தொடங்குவதற்குள் ஒரு பை நண்டோடு திரும்பிவிட்டார். நண்டுகள் பைக்குள் கரகரவென்று நடந்துகொண்டிருந்தன. நான் அவற்றை எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பெரிய கொடுக்கு வரும். ஆனால் விருந்தாளி என்ற முறையில் அத்தைக்கு இரண்டு போகும், அப்பா சம்பாதிக்கிறவர், தங்கச்சி சின்னவள். போன வருடம் இந்தக் கணக்கின் முடிவில் எனக்குக் கிடைத்தது ஒரு கால். காலென்றால் தீக்குச்சியைச் சூப்புவது மாதிரிதான்.

அத்தை வந்து பையைக் கீழே வைப்பதற்கு முன்பே மூக்கைச் சுருக்கினார்.

"என்ன வாசன இது?"

"நண்டுதான் அண்ணி. எப்பயும் வைக்கிறதுதான?" என்றார் அம்மா.

"இன்னிக்கி என்ன நாளு தெரியுமா ஒனக்கு?"

"ஆவணி கடைசி."

"யாரு சொன்னா?"

அம்மா கரண்டியால் சுவரைக் காட்டினார். அத்தை பைக்குள் கையை விட்டு இன்னொரு காலண்டரை எடுத்தார். யாரோ தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போனவர்கள் அந்த வருடம் அவருக்கு வாங்கிவந்து கொடுத்தது. பஸ்ஸில் கசங்கிவிடக் கூடாது என்று துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தார்.

"படிச்சுப் பாரு. புரட்டாசி ஒண்ணு. அதுவும் சனிக்கெழம. பெருமாளு நாளும் அதுவுமா வீட்டுல நண்டு கொதிக்குது."

நான் இரண்டையும் படித்தேன். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஒன்றில் ஆவணி முடியவில்லை, மற்றதில் புரட்டாசி பிறந்துவிட்டது. அங்கே பொழுது சாய்வதற்கு முன்னால் பிறக்கிற மாதம் இங்கே பொழுது சாய்ந்த பிறகு பிறந்தால் இப்படி ஒரு நாள் தள்ளிப்போகும் என்று பல வருடம் கழித்துக் கோயில் குருக்கள் ஒருவர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் குருக்கள் இல்லை. அப்பாதான் இருந்தார். அவரும், "மோட்டாருக்குக் காத்து கம்மியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அப்படின்னா தெவசம் நேத்தா அண்ணி? நேத்தே வந்திருக்கலாமே" என்றார் அம்மா.

"நேத்து வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம நண்டு வைப்பியா?"

ஆக, அத்தையின் காலண்டர்படி அந்த வருடம் நண்டுக்கு நாளே கிடையாது.

"இந்த ஊருக்கு இந்த ஊரு காலண்டருதான் அண்ணி."

"புரட்டாசி அங்க பொறந்தா இங்க வர்றதுக்கு ஒரு நாள் ஆவுமா? கப்பல்லயா வருது?"

"நாம கப்பல்லதான வந்தோம்?"

அத்தை காலண்டரைத் திரும்பத் துண்டில் சுற்றினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "இத்தன வருசமா நல்ல நாள்ல வச்சதையே அவ தொடல. இப்ப விரத நாள்ல வச்சு, அவளயும் பாவத்துல கொண்டு விடாத."

அம்மாவின் கரண்டி நின்றுவிட்டது. கொதிக்கிற சட்டியைப் பார்த்தபடி, "எங்கக்கா செத்தது இந்த ஊர்ல" என்றார். "அவளுக்கு இன்னும் ஆவணிதான்."

வெளியே போன அப்பா இந்த இடத்தில் உள்ளே வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டார். இருவரும் அவரைப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் இருபது பேரை வேலை வாங்குகிற மனிதர், கையிலிருந்த காற்றுப் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு எல போடுங்கலா" என்றார் கடைசியில். "நீ நண்டு வை. அக்கா சைவம் வைக்கட்டும். அவளுக்கு எது வேணுமோ அத சாப்புடட்டும்."

அப்பா பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அவர் செய்தது, இத்தனை வருடம் மறைவாக நடந்த வழக்கை அன்றைக்குப் பகிரங்க விசாரணைக்கு விட்டது. அடுத்த இரண்டு மணி நேரம் இருவரும் முதுகோடு முதுகு உரசாமல் அந்தச் சின்னச் சமையலறையில் சமைத்தார்கள். ஓர் அடுப்பில் ஆவணி கொதித்தது, பக்கத்து அடுப்பில் புரட்டாசி. அத்தை பருப்பு வடை சுட்டார், வாழைக்காய் வறுத்தார், பாயசம் காய்ச்சினார். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. இரண்டு பக்கமும் போய் முகர்ந்து பார்த்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாளை முதல் ஒரு மாதம் பூசணிக்காய். இன்றைக்குக் கிடைக்கப்போவது ஒரு கால். பெரியம்மாவோ எப்படியும் தொடப்போவதில்லை என்று அத்தையே சொல்கிறார். அப்படியானால் அந்த இலையில் இருக்கிற கொடுக்கு யாருக்கும் வேண்டாத கொடுக்கு. ஒன்பது வயதில் இதைவிடத் தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை. அதன் பிறகும் யோசித்ததாக என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

படம் இருந்த மேசைமேல் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்திருந்தார்கள். அது தரைவரைக்கும் தொங்கியது. அதற்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலைகள். சூடம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். அம்மா மூடிய கண்ணோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அத்தை கண்ணைத் திறக்காமலே படத்திடம் வாய்விட்டுச் சொன்னார். "எது ஒனக்குச் சரின்னு படுதோ அதத் தொடு தாயி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி குனிந்தேன். பிறகு நிமிரவில்லை. மேசைக்குக் கீழே போய்விட்டேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேட்டிக்குள் ஒரே ஊதுபத்திப் புகை. சற்றுப் பொறுத்து, வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, பெரியம்மாவின் படத்துக்கு நேர் கீழே என் கையை வெளியே விட்டேன். நான் உட்கார்ந்திருந்த பக்கம் நண்டு இலை. வடை இருந்தது அந்தப் பக்கம், எட்டவில்லை. எட்டியிருந்தால் வடையையும் எடுத்திருப்பேன். எங்கள் குடும்பத்தின் பெரிய கேள்வி ஒன்று என் கையின் நீளத்தால் முடிவானது.

கொடுக்கைக் கடித்தேன். முதலில் தெரிந்தது, அதில் உப்பே இல்லை என்பது. சண்டையில் அம்மா போட மறந்துவிட்டார். இருந்தாலும் நண்டு நண்டுதான். ஓட்டைப் பல்லில் வைத்து நசுக்கினேன். டக் என்று சத்தம் வந்தது.

வெளியே பேச்சு நின்றது. சன்னல் கண்ணாடிப் பலகைகளின் இடுக்கு வழியாக அத்தையின் குரல் வந்தது.

"உள்ள என்னமோ சத்தம் கேட்டுச்சு."

"பல்லியா இருக்கும்" என்றார் அப்பா.

"பல்லி இப்படியா கத்தும்?"

நான் வாயில் ஓட்டை வைத்துக்கொண்டு கடிக்காமலும் துப்பாமலும் உட்கார்ந்திருந்தேன். நண்டு தின்னும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஊதுபத்தி கடைசி விரல் அளவுக்கு வந்துவிட்டதைப் பார்த்ததும் மேசையின் பின்பக்கமாக ஊர்ந்து, சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு ஓடினேன். ஓட்டை லொங்காங்கில் எறிந்தேன், ஓடுகிற சாக்கடைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, வீட்டைச் சுற்றி ஓடி, அப்பா மூன்றாவது தட்டு தட்டும்போது அம்மாவின் பின்னால் போய் நின்றேன். அம்மா திரும்பி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கம்போல அத்தைதான் முதலில் போனார். முதலில் தன் இலையைப் பார்த்தார். வடை அடுக்கு கலையாமல் இருந்தது, பாயசத்தில் ஆடை படிந்திருந்தது. பிறகு அடுத்த இலைக்குத் திரும்பினார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கொடுக்கு ஒண்ணக் காணோம்" என்றார். அவர் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இலையைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியின் ஓரத்தில் மஞ்சளாக நாலு விரல், சின்னதாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் கை அச்சு எடுத்த மாதிரி. அத்தையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அத்தைக்கு எப்போதும் ஒரு பழக்கம், எங்கே எந்தத் துணி கசங்கியிருந்தாலும் இழுத்து நேராக்குவார். அப்படியே அன்றைக்கும் கையை நீட்டி, வேட்டியின் ஓரத்தைப் பிடித்து உட்பக்கமாக மடித்துச் செருகினார். மஞ்சள் உள்ளே போய்விட்டது. அவருடைய சுத்தபத்தத்துக்கு முதல்முறையாக நன்றி சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு நிமிர்ந்தார். அம்மா நின்ற பக்கம் திரும்பினார்.

"வந்துட்டா" என்றார். "ஒங்கையால சாப்ட்டுட்டா."

அம்மா அப்படியே கதவோரத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதார். ஒரு கொடுக்கு குறைந்ததற்கு இவ்வளவு அழுகிறாரே, நிஜமாக யார் தின்றது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கையை இன்னொரு தடவை சட்டையில் துடைத்தேன். அத்தை பக்கத்தில் போய் நின்று, "எந்திரி புள்ள. சோறு ஆறுது" என்றார். அத்தை அம்மாவைப் புள்ள என்று கூப்பிட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அம்மா தயங்கித் தயங்கி, "அண்ணி, ஒங்களுக்குச் சைவந்தான?" என்று கேட்டார்.

"வை" என்றார் அத்தை.

"புரட்டாசி..."

"அவளே சாப்ட்டுட்டா. நான் என்ன அவளவிடப் பெரிய ஆளா? வை."

அத்தை நண்டை வாயில் வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்ட எந்தச் சாப்பாட்டிலும் உப்பு சரியாக இருந்ததில்லை. ஒன்று தூக்கலாக இருக்கும், இல்லையென்றால் கம்மியாக இருக்கும். இன்றைக்கு நிஜமாகவே உப்பில்லாத குழம்பு. அத்தை மென்றார், விழுங்கினார், இன்னொரு துண்டை உடைத்தார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

வயதானால் நாக்கு செத்துவிடும் என்று வகுப்பில் யாரோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அத்தைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அப்பா உப்பு டப்பா பக்கம் கையை நீட்டினார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் தங்கச்சி வாயைத் திறந்தாள். ஆறு வயது. சோற்றைத் தின்ன மாட்டாள், எதையும் கவனிக்காமலும் விட மாட்டாள்.

"அம்மா, நம்ம வெளிய நின்னப்ப அண்ணன் அங்க இல்ல."

என் கையில் இருந்த நண்டுக்கால் இலையில் விழுந்தது. அப்பா தலையைத் தூக்கினார்.

"எங்கூட வாசல் கேட்டுக்குப் பக்கத்துலதான் நின்னான்" என்றார் அம்மா.

"எம்பக்கத்துல நாக்காலியில ஒக்காந்திருந்தான்" என்றார் அத்தை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மா எழுந்து, சட்டியில் மீதியிருந்த பெரிய கொடுக்கை எடுத்து அத்தையின் இலையில் வைத்தார். அத்தை அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அம்மாவின் இலையில் வைத்தார்.

நான் குனிந்து நண்டுக்காலைச் சூப்பிக்கொண்டே நினைத்துக்கொண்டேன். இந்த இரண்டு பேருக்கும் இந்த ஜென்மத்தில் ஒத்துப்போகாது. ஒரு பையன் எங்கே இருந்தான் என்பதில்கூட ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.